பின்வாசல் கல்

மகனுக்கு, அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய், மாமனார் வீட்டு உபசாரத்துக்கு என்ன குறைச்சல்? நான் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி படித்துவிட்டு, அம்மா ஏதோ ஊர்க்கதை எழுதியிருக்கிறாள் என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவாய். நம் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிற கருங்கல்லை எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பச் சொல்லி வண்டி அனுப்பினாயே, அந்தக் கல் வராது. வண்டி வந்தது, வெறுமனே திரும்பிப் போனது. ஏன் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்தும் இதைச் செய்தாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கல்யாணம் பேசி முடித்த கையோடு பெண்ணையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவருக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர், நம் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று நீ எழுதியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சண்டை முடிந்தும் ரேஷன் முடியவில்லை. கடையில் கிடைக்கிற அரிசியில் பாதி கல்லும் குருணையும். சம்பந்திக்கு அந்தச் சோற்றையா போடுவது என்று ஆற்றங்கரை ஊர்க்காரி ஒருத்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி நல்ல அரிசி வாங்கி வைத்தேன். வெள்ளைச் சேலைக்கு இரண்டு தரம் கஞ்சி போட்டேன். என் மகன் நம் தெருவை நாலு பேருக்குக் காட்டப் போகிறான் என்று கோயில் வாசலில் நின்று பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைக்கு எனக்கு நன்றாக வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினோம். நீ முன்னால், கையில் ஒரு பிரம்பு. பிரம்பு எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நாய்க்குப் பயந்தா? நம் தெரு நாய்களுக்கு உன்னை அடையாளம் தெரிந்தது, வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. உனக்குத்தான் அவற்றைத் தெரியவில்லை. உனக்குப் பின்னால் உன் மாமனார், கழுத்தில் காமிரா. அப்புறம் பெண் பிலோமி, குடையோடு. எல்லாருக்கும் கடைசியில் நான், தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு. பறங்கி அஸ்திவாரம் போட்டு, ஒல்லாந்தான் ஓடு வேய்ந்து, இங்கிலீஷ்காரன் பூட்டுப் போட்ட தெரு அது. இப்போது அவனும் மூட்டை கட்டுகிறான் என்று பேப்பரில் வருகிறது. சுண்ணாம்பு உதிர்ந்த ஒவ்வொரு சுவரின் முன்னாலும் நின்று நீ பிரம்பை நீட்டிப் பேசினாய். இது ஒல்லாந்தான் துணி மூட்டைகளை வைத்த இடம், இது துரை குடியிருந்த மாடி, இந்தத் தூணின் அகலத்தைப் பாருங்கள். நன்றாகத்தான் பேசினாய். இவ்வளவும் எங்கே படித்தான் என்று நானே வாயைப் பிளந்துகொண்டுதான் வந்தேன்.

பனைநார் அடுக்குகிற தும்புக் கிட்டங்கி முன்னால் வந்து நின்றாய். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பனந்தும்பு சீவிக்கொண்டிருக்கிறார்கள். தலையிலும் புருவத்திலும் தும்புத் தூசி. ஏழு கடல் தாண்டிப் போகிற சரக்கு அது, கப்பலும் தோணியும் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. நீயோ அந்த வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் காதில் விழும்படி, "இந்த ஏரியாவே செத்துப் போச்சு மாமா. கம்பெனிக்காரன் விட்டுட்டுப் போனப்புறம் இங்க ஒண்ணுமே கிடையாது" என்றாய். ஒருத்தி சீப்பை நிறுத்திவிட்டு, "ஏலே, அப்பம் நாங்கள்லாம் யாருலே? பேயா?" என்று கேட்டாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயதில் உனக்குச் சளி பிடித்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவள் அவள். பேச்சுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் போகிறது, முகத்தைப் பார்த்துத் தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒல்லாந்தரின் கல்லறைகளுக்குப் போனோம். ஒரு கல்லில் இருந்ததைக் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டிப் படித்து, கப்பல் தலைவன் பெண்டாட்டி, காய்ச்சலில் செத்துப் போனாள், சின்ன வயசு என்று சொன்னாய். உன் மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரோ எவளோ, எந்தக் காலத்திலோ செத்துப் போன ஒருத்திக்காக அந்த வெயிலில் வழுக்கைத் தலையோடு நின்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. செத்தவர்களுக்கு மரியாதை செய்யத் தெரிந்த மனுஷர். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். அவர் மேல் எனக்குக் கோபம் ஒரு துளியும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் செய்திருக்கவே மாட்டார். சொல்ல வேண்டியவன் நீ.

கடைசியில் நம் வீட்டையும் அந்த இடிசல்களோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டாய். முன்பாதி கம்பெனிக்காரன் கிட்டங்கி, பின்பாதி நம் குடியிருப்பு, அதற்கும் பின்னால் கடலைப் பார்த்த பின்கட்டு. அங்கே இரண்டு குத்துக்கல் மேல் ஆள் நீளத்துக்குக் கிடக்கிற அந்தக் கருங்கல்லைப் பிரம்பால் தட்டி, "கம்பெனி காலத்துல இதுலதான் முத்தைக் கொட்டித் தரம் பிரிச்சாங்க" என்றாய். இருக்கலாம். ஒல்லாந்தான் முத்துக் கொட்டினானா, கோழி அறுத்தானா, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் போன பிற்பாடு நம் ஆட்கள் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான். நீ அடுத்த வாக்கியத்தில் அதைச் சொல்லுவாய் என்று கூஜாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ சன்னல் கம்பியைக் காட்டப் போய்விட்டாய்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதனால் கறி கிடையாது, மீன்தான். கூடத்தில் இலை போட்டுவிட்டு, சீலா மீனைப் பொரித்துச் சூட்டோடு போடலாம் என்று குசினிக்குள் போனேன். தட்டோடு திரும்பி வந்தால் கூடத்தில் ஒருத்தரும் இல்லை. கூடம் புழுங்குகிறது, பின்கட்டில் கடல் காற்று வரும் என்று நீதான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லைச் சுற்றிப் போட்டிருக்கிறாய். இலைகளை அதன் மேல் விரித்திருக்கிறாய். சோறு பரிமாறி, குழம்பு ஊற்றி, உன் மாமனார் இரண்டு வாய் சாப்பிட்டும் விட்டார். இலையில் கை வைத்த விருந்தாளியை எழுப்புகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. உன்னைப் பார்த்தேன். கண்ணால் கேட்டேன். நீ, "என்னம்மா, மீனைப் போடுங்க, ஆறுது" என்றாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்வாசல் வழியாக அந்தோணியம்மாள் வந்தாள். உன் கூட்டாளி ராயப்பனின் அம்மா. போன ஐப்பசியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி திரும்பவில்லை, ராயப்பன் மட்டும் கரைக்கு வந்தான், எப்படி வந்தான் என்று உனக்கு எழுதியிருந்தேன். நீயும் அனுதாபம் என்று ஒரு கார்டு போட்டிருந்தாய். அடக்கத்துக்கு முன்னால் அந்தக் கல்லில்தான் அவனைக் கிடத்திக் கழுவினோம். அன்று முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி பொருத்தி, செபம் சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்கும் கையில் திரியோடு வந்தவள், கல்லையும் இலைகளையும் பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவளைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். "மதினி, எம் மவன் தலமாட்டுல மீன் முள்ளு கெடக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம், "போவட்டும், அவனுக்கும் சீலா மீனுன்னா ஆச" என்றாள். அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி உயிரோடு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு அவளைத் தெரியவில்லை. யாரோ வேலைக்காரி என்று நினைத்து, "அந்த அம்மாவுக்கும் சோறு போட்டு அனுப்புங்க" என்று தாராளமாக உத்தரவு போட்டாய். அவள் கையால் நீ தின்ற பணியாரத்துக்கு அளவு உண்டா? பிலோமிதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தோணியம்மாள் கையிலிருந்த திரியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். சாப்பாடு முடிந்து நீயும் மாமனாரும் மாடிக்குக் கடல் பார்க்கப் போனதும் குசினிக்குள் வந்தாள். "அத்தை, நாங்க ஏதோ தப்பு பண்ணிட்டோம். என்னன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அழவில்லை, ஐயோ என்று கத்தவுமில்லை. பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், இலைகளை எடுத்து, முள்ளைப் பொறுக்கி, அந்தக் கல்லைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரைக்கும் கழுவித் துடைத்தாள். அப்புறம் அந்தோணியம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரியைப் பொருத்த வைத்தாள். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "உனக்கு எதுக்கு இந்த வேலை? சேலை நனையுது பார்." அந்தப் பெண்ணை நீ கட்டிக்கொள்வதில் எனக்குப் பரிபூரண சம்மதம். அவள் உன்னைக் கட்டிக்கொள்வதில்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

அதோடு விட்டாயா? வண்டி ஏறுகிற நேரத்தில் உன் மாமனார், "எப்பேர்ப்பட்ட கல்! இந்த மாதிரி ஒண்ணு மெட்ராஸில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது" என்று பொதுவாகச் சொன்னார். நீ உடனே, "எடுத்துக்கோங்க மாமா, கல்யாணத்துக்கு முந்தி உங்க தோட்டத்துல வந்து இறங்கிடும்" என்றாய். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. நாம் பிள்ளையாருக்கு உடைக்கிற ஆட்கள் இல்லைதான், ஆனாலும் அந்தப் பழமொழி உனக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அந்தக் கல் உன்னுடையது என்று யார் சொன்னது? வீடு நம்முடையது. பின்கட்டு நம்முடையது. கல் இந்தச் சந்தினுடையது. பின்வாசலுக்கு நாம் ஏன் தாழ்ப்பாள் போடுவதில்லை? கடலில் போனவனை முன்வாசல் வழியாகக் கொண்டுவந்தால் கடலும் அந்த வழியைப் படித்துக்கொள்ளும் என்பார்கள். அதனால் எந்த வீட்டு ஆளானாலும் நம் பின்வாசல் வழியாகத்தான் வருகிறான். உப்போடு மண்ணுக்குள் போகக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில்கூட அந்தக் குடம் வராமல் இருந்ததில்லை. காயல்பட்டினத்து மாலுமி ஒருவர் கரை ஒதுங்கியபோது அவர் ஆட்கள் வந்து, அதே கல்லில் வைத்து, அவர்கள் மார்க்க முறைப்படி குளிப்பாட்டித் துணி சுற்றி எடுத்துப் போனார்கள். நாங்கள் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். அதில் பூந்தொட்டி வைத்து, சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கப் போகிறீர்களோ?

வண்டிக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சியைத்தான் நீ சொல்லி அனுப்பியிருந்தாய். கயிறு, உருளைக்கட்டை, நாலு ஆள் என்று தடபுடலாக வந்தார். ஏதோ ஒரு கல் என்று நினைத்திருக்கிறார். பின்கட்டுக்குள் வந்து பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இந்தக் கல்லையா? ஆத்தா, எங்க சித்தப்பன இதுலல்லா கெடத்துனீய" என்றார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போய்ப் படகோடு கவிழ்ந்து செத்தவர் அந்தச் சித்தப்பா. "தம்பிக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லுவது, நீயே சொல். தெரியாது என்றால் உன்னை வளர்த்த எனக்குக் கேவலம். தெரியும் என்றால் உனக்குக் கேவலம். "பட்டணத்துல வேல ஜாஸ்தி அண்ணாச்சி, மறந்துட்டான்" என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "இத மறக்க முடியுமாக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

உன் மாமனாருக்கு நானே எழுதிவிடலாம். மாட்டேன். கொடுத்த வாயால் நீயே போய்ச் சொல்லு. என்ன கல் என்று சொல்லு. கல்லறை முன்னால் தொப்பியைக் கழற்றினவருக்கு விளங்கும். நீ பயப்படுகிறது அவர் கோபத்துக்கு அல்ல, எனக்குத் தெரியும். நம் தெருவை உடைந்த தூணும் பழைய ஓடுமாகக் காட்டினால் அவர்கள் மெச்சுகிறார்கள். தும்புத் தூசியும் தோணியும் பிணம் கழுவின தண்ணீருமாகக் காட்டினால் முகம் சுளிப்பார்களோ என்று பயம். சுளித்தால் சுளிக்கட்டும். பிலோமி சுளித்தாளா? கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் உன் வீட்டின் முன்வாசலை மட்டும் காட்டிக் குடும்பம் நடத்த முடியாதப்பா. என்றைக்காவது ஒருநாள் அவள் பின்கட்டுக்கு வரத்தான் செய்வாள். இவள் முதல் நாளே வந்துவிட்டாள், உன் அதிர்ஷ்டம்.

இப்போது உன் அப்பா விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பேனாவை மூடி மூடி வைத்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, மறந்திருப்பாய் என்று உன் பக்கம் நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். முடியவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அது. முயல்தீவுக்கு அந்தப் பக்கம் தோணி உடைந்து, தண்டலாக, தோணித் தலைவராகப் போன உன் அப்பாவை நாலு பேர் பின்வாசல் வழியாகத் தூக்கிவந்து அந்தக் கல்லில் கிடத்தினார்கள். சந்தே குடத்தோடு வந்து நின்றது. உன்னை யாரும் உள்ளே விடவில்லை, நீயாக நுழைந்து வந்தாய். கையில் ஒரு செம்பைக் கொடுத்து, ஊற்று என்றார்கள். ஊற்றினாய். அப்பா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "எம்மா, அப்பாவுக்குக் குளிருது. வெந்நி வைப்பமா?" என்று கேட்டாய். அதுவரைக்கும் கல்லாக நின்றவர்கள் எல்லாம் உடைந்து போனார்கள். நான் அழுதுகொண்டே போய் அடுப்பை மூட்டினேன். ஒரு குடம் வெந்நீர் வைத்தேன். அதை நீதான் ஊற்றினாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கு அப்புறம் இந்தச் சந்தில் யாரைக் கழுவினாலும் கடைசிக் குடம் வெந்நீர்தான். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. காயல் ஆட்கள் வந்தபோதுகூட ஒரு குடம் வெந்நீர் வைத்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். ராயப்பனுக்கு அந்தோணியம்மாளே அடுப்பு மூட்டினாள். ஒல்லாந்தான் வைத்துவிட்டுப் போனது கல்லை மட்டும்தான். வெந்நீரை வைத்தது நீ. ஒன்றுமே இல்லை என்று நீ பிரம்பை நீட்டிச் சொன்ன இந்தச் செத்த தெருவில், ஐப்பசியில் ஒரு கஷ்டம் வந்தால் உன் பெயரைச் சொல்லித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

கல்யாணத்துக்கு என்னை அழைத்துவர ஆள் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். ஆள் வேண்டாம். நீ வா. மாமனார் வேண்டாம், காமிரா வேண்டாம், பிரம்பும் வேண்டாம். கடற்கரையோடு நடந்து பின்வாசல் வழியாக வா, அது திறந்துதான் இருக்கும். பிலோமி கழுவியது அவள் பங்குக்கு. உன் பங்கு அப்படியே கிடக்கிறது. அதைக் கழுவி முடித்து, அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, அப்புறம் என் முகத்தில் விழி. அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பேன்.

உன் அம்மா